மாதுளை போட்ட கண்ணாடித் துண்டு

கண்ணாடியை பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. தண்ணீரில் ஒரே ஒரு தரம் முக்கி எடுத்து, விரல் நுனியால் மண்ணைத் தள்ளிவிட்டு, நிழலில் வெள்ளைத் துணி மேல் வைக்க வேண்டும். பானை ஓடு அப்படியில்லை. அதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நன்றாகவே கழுவலாம். உடைந்த விளிம்பை மட்டும் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பிறகு ஒன்றோடு ஒன்று பொருந்தாது. கீறலோ எழுத்தோ கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட வேண்டும். இதைப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக முதலில் எழுதி வைக்கிறேன். மற்றதைப் படிக்காமல் விட்டாலும் இது உதவும்.

தொல்லியல் துறையில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று கயல்விழி மேடம் என் வீட்டுக்கே வந்து கேட்டார். அகழாய்வில் இப்போது எங்கள் பகுதிக்கு அவர்தான் அதிகாரி. சின்ன வயசு. "உங்க கட்டைவிரலைப் பத்தி இன்னிக்கும் ஆபீஸ்ல பேசுறாங்கம்மா. அந்தக் கை எப்படிப் பழகுச்சுன்னு எழுதுங்க" என்றார். எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்ட மாதிரி வராது.

என் பெயர் ருக்மணி. ஜவ்வாது மலை அடிவாரத்தில், அமிர்தி பக்கம் எங்கள் ஊர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்து எனக்குப் பானை ஓட்டில் வந்ததுதான். கழுவிக் காய்ந்த ஒவ்வொரு ஓட்டின் உள்பக்கத்திலும் நகப்பூச்சு தடவி, அது உலர்ந்ததும் கறுப்பு மையால் குழி எண், மண்ணடுக்கு எண் எழுத வேண்டும். கடுகளவு எழுத்து. முப்பது வயசில் கூலிக்குப் போன நான், இரண்டு பருவத்துக்குள் அந்த எழுத்தை எழுதினேன். மூன்றாவது பருவத்தில் என் எழுத்துதான் படிக்க லேசாக இருக்கிறதென்று எல்லாப் பெட்டிக்கும் என்னையே எழுத வைத்தார்கள். கல்லூரியில் படித்து வந்த பிள்ளைகளின் கை நடுங்கும். என் கை நடுங்காது.

சபாபதி சார்தான் எங்களுக்கு மேலே இருந்தவர். ஒல்லியான மனுஷர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, பையில் ஒரு பூதக்கண்ணாடி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் தப்பு என்று சொல்ல மாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மறுபடி பாருங்கம்மா" என்பார். அவ்வளவுதான். சரியாகப் பார்க்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். அதுதான் பெரிய தண்டனை. கையில் இருப்பது எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். நாக்கில் ஒட்டினால் எலும்பு.

முதல் தரம் அதைப் பார்த்தபோது சல்லடை பிடிக்கிற வெள்ளச்சி சத்தமாகவே கேட்டாள்: "இன்னா சார், காலைல வூட்ல ஒண்ணும் ஆக்கலியா?"

சார் சிரித்துவிட்டார். அவரைச் சிரிக்க வைத்தவள் அவள் ஒருத்திதான்.

வெள்ளச்சி மலைமேல் இருந்து வந்தவள். ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு குக்கிராமம். சாமையும் கேழ்வரகும் போடுகிற வீடு. அப்போது இருபத்துநாலு வயசு இருக்கும். ஒரு பெண் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாள். கழுவும் இடத்தில் இருந்த நாங்கள் ஒன்பது பெண்கள், எல்லாரும் ஒரே ஊர். பாட்டரி யார்டு என்று சொல்வார்கள், ஓடு கழுவிக் காயவைக்கிற முற்றத்தை. அங்கே யார் எந்த வேலைக்கு உட்காருவது, நாளைக்கு யார் வருவது என்பதை நான்தான் சாரிடம் சொல்வேன். சார் அப்படியே எழுதிக்கொள்வார்.

கண்ணாடிக்கு வருகிறேன். நாங்கள் தோண்டிய மேட்டில் மேல்மண்ணில் நிறையக் கண்ணாடி வரும். சோடா பாட்டில், மருந்து பாட்டில், தைல சீசா, எல்லாம் நேற்று முந்தாநாள் குப்பை. வளையல் துண்டும் மணியும்தான் எங்களுக்கு வேண்டியது. குப்பையைப் பிரிக்க சார் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். கண்ணாடியின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். துணியில் தையல் ஓடுகிற மாதிரி மெல்லிசாக ஒரு கோடு மேலிருந்து கீழே மேடாக ஓடினால், அது அச்சில் போட்டது, பாக்டரி பாட்டில். யார்டின் ஓரத்தில் இருந்த கழிவுக் குழியில் போட்டுவிடலாம்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். "இந்தக் கணக்கு மேல் ரெண்டு அடுக்குக்குத்தாம்மா. அதுக்குக் கீழ எது வந்தாலும், ஹேர்பின் வந்தாக்கூட எங்கிட்ட காட்டாம போடக் கூடாது."

காட்டாமல் போடக் கூடாது. இந்த வரியை நான் மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். நன்றாக ஞாபகம் இருந்தது.

ஒரு நாள் வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் பார்க்க வந்தார்கள். சார் என் கண்ணைத் துண்டால் கட்டி, பதினோரு கண்ணாடித் துண்டை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். பதினொன்றையும் சரியாகச் சொன்னேன். "என் பூதக்கண்ணாடியைவிட இவங்க கட்டைவிரலை நம்பலாம்" என்றார் சார். அந்தப் பேச்சை நான் பல வருஷம் சாப்பிட்டேன். வீட்டில் ஒருவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. புருஷன் இருந்த காலத்திலும் சொன்னதில்லை. அவர் போன பிறகு ஊரில் என்னை ஏறிட்டுப் பார்த்ததும் இந்த வேலையால்தான்.

அதற்கு அடுத்த மாசம் ஏழாவது குழியில் பெரிய ஈமத்தாழி ஒன்று தெரிந்தது. ஆளைப் புதைத்த தாழி. மனுஷர் இடுப்புக்கு மேல் ஆழம். அன்று சார் கேமராவுக்கு பிலிம் வாங்க வேலூர் போயிருந்தார். மத்தியானம் வெள்ளச்சி ஒரு தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு யார்டுக்கு வந்தாள். வழக்கமாகச் சின்னப் பொருள் வைக்கிற தட்டு ஓட்டுக் கூடையோடு சேர்ந்து வரும். இதைத் தனியாக எடுத்து வந்தாள்.

"ருக்குக்கா, இதப் பாரேன். எத்தினி அழகா மாதுளம்பழம் போட்டுக்கீது. அந்தத் தாழிக்குப் பக்கத்துலயே வந்துச்சு."

உள்ளங்கையில் பாதி இருக்கும். நீலமும் பச்சையும் கலந்த நிறம். முட்டை ஓடு போல மெலிசு. நடுவில் மாதுளை ஒன்று புடைத்து நின்றது, தலையில் கிரீடத்தோடு, காம்பில் ஒற்றை இலையோடு. ஈர மண் ஒட்டியிருந்தது. நான் பக்கவாட்டில் கட்டைவிரலை ஓட்டினேன். தையல் கோடு ஓடியது.

"டானிக் பாட்டில்டி" என்றேன்.

"டானிக்கா? அம்மாம் ஆழத்துலயா?"

"எலி வளை வழியா எறங்கியிருக்கும்." சார் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேல்மண்ணுப் பொருள் சில நேரம் எலி வளைக்குள் விழுந்து கீழே போகும்.

"எலி இன்னாக்கா, டானிக் குடிச்சிட்டு பாட்டிலக் கீழ கொண்டும்போய் வெச்சுதா?"

எட்டுப் பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்த சிரிப்பில் கையில் இருந்த ஓட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சல்லடை பிடிக்கிறவள், எழுத்துக் கூட்டத் தெரியாதவள், நேற்று மலையிலிருந்து இறங்கியவள் எனக்குச் சொல்வதா?

"சார் வரட்டும்க்கா. ஒரு தரம் காட்டிப் போடலாம்" என்றாள் அவள்.

"சாரு எனக்குக் கத்துக் குடுத்தாரா, உனக்குக் கத்துக் குடுத்தாரா? போய் சல்லடையைப் பிடி."

எழுந்துபோய்க் கழிவுக் குழியில் போட்டேன். தட்டில் அவள் குழி எண்ணோடு வாங்கி வந்திருந்த சீட்டைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். சீட்டு இல்லாத பொருள் எங்கள் வேலையில் பிறக்காத பொருள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது என் கட்டைவிரலில் மீன் செதில் போல ஏதோ மினுங்கியது. நீலம், ரோஸ், பொன் நிறம். பழைய டானிக் பிசுக்கு என்று நினைத்துப் புடவையில் துடைத்தேன். ரொம்பப் பழைய கண்ணாடியின் மேல்தோல் மண்ணுக்குள் கிடந்து கிடந்து அப்படித்தான் வானவில் நிறத்தில் உரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்று சாயங்காலமே வெள்ளச்சி மலைக்குப் போய்விட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது.

இரண்டு நாள் கழித்து அதே தாழியின் அடியில் இன்னும் கண்ணாடி வந்தது. இந்த முறை சார் குழியிலேயே இருந்தார். அவரே மூங்கில் குச்சியால் மண்ணைத் தள்ளித் தள்ளி எடுத்தார். நான்கு துண்டுகள். மணல் நிரப்பிய தட்டில் நிறுத்திவைத்துப் பொருத்திப் பார்த்தால் ஆறு பக்கம் உள்ள ஒரு சின்னக் குப்பி, கழுத்தோடு. ஒரு பக்கத்தில் திராட்சைக் கொத்து. ஒன்றில் ஏதோ ஜாடி. மற்ற மூன்றில் பழமும் இலையும். ஆறாவது பக்கம் இல்லை.

சார் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். ரோமாபுரி நாட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செய்தது. வாசனைத் தைலம் ஊற்றிக் கப்பலில் கரைக்கு வந்து, கை மாறி மாறி நம் மலையடிவாரம் வரைக்கும் வந்து, யாரோ ஒரு பெரிய மனுஷியோடு புதைந்திருக்கிறது. "எப்படிப் பண்ணாங்க தெரியுமாம்மா? மொதல்ல அச்சு. உள்பக்கம் பழம், இலை எல்லாம் குழிவா வெட்டின அச்சு. அது ரெண்டா மூணா பிரியும். அதைச் சேத்து வெச்சு, உருகின கண்ணாடியைக் குழாய் நுனியில எடுத்து உள்ள விட்டு வாயால ஊதுவாங்க. கண்ணாடி உப்பி அச்சுல போய் ஒட்டும். ஆறினதும் அச்சைப் பிரிச்சிடுவாங்க. பிரியுற இடத்துல மட்டும் இப்படி ஒரு கோடு நிக்கும்."

பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். "தடவிப் பாருங்கம்மா. நம்ம சோடா பாட்டில் மாதிரியே இல்ல? இத்தனை வருஷம் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேனே, எனக்கே ஒரு பாடம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவரே தன் பாடத்தில் குறை சொல்லிக்கொள்கிறார். அதைவிட நல்ல நேரம் யாருக்கு வாய்க்கும்? நான் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க சார்" என்றேன்.

மறுநாள் ஒருவரும் வருவதற்கு முன்னால், விடிந்ததும் யார்டுக்குப் போனேன். முந்தின நாள்தான் அந்தக் கழிவுக் குழி நாற்றம் எடுக்கிறதென்று மண் தள்ளி மூடி, வேறு குழி வெட்டியிருந்தார்கள். கொத்துக்கரண்டியால் கிளறினேன். சாம்பல், பீங்கான், பாட்டில் கழுத்து. கிடைத்தால் என் தட்டில் போட்டு, இப்போதுதான் கழுவும்போது பார்த்தேன் என்று சொல்லிவிடலாம் என்று கணக்கு. கிடைக்கவில்லை. காவல்காரர் சைக்கிள் சத்தம் கேட்டதும் மண்ணை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

எட்டு மணிக்கு வெள்ளச்சி மலையிலிருந்து வந்து சேர்ந்தாள். மணல் தட்டில் நிற்கிற குப்பியைப் பார்த்ததும் கையைத் தட்டினாள்.

"அய்ய! இதோட சோடிதான் சார் அன்னிக்கு நான் எடுத்தது! மாதுளம்பழம் போட்டது! ருக்குக்கா கிட்ட குடுத்தேனே!"

சந்தோஷமாகத்தான் சொன்னாள். என்னை மாட்டிவிடச் சொல்லவில்லை. சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். என் பக்கம் திரும்பினார்.

"வந்துதாம்மா?"

"வரலீங்க சார்."

"மறுபடி யோசிச்சுப் பாருங்கம்மா."

"வரலீங்க சார். சீட்டு கூட வரலீங்க."

வெள்ளச்சி முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, போக வழி தெரியாத மாதிரி. "அக்கா, டானிக்குன்னு சொன்னியேக்கா. எலி வளைன்னு சொன்னியே. எல்லாரும் சிரிச்சாங்களே."

சார் மற்ற பெண்களைப் பார்த்தார். எட்டுப் பேரும் என் ஊர். எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "நாங்க கவனிக்கலீங்க சார்" என்றாள். மற்றவர்கள் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டார்கள்.

குழி வெட்டுகிற ஆம்பளைகளில் ஒருவன் பின்னாலிருந்து, "எடுத்த அன்னிக்கே மலைக்குப் போனா இல்ல?" என்றான். அது ஒன்று போதுமாக இருந்தது.

சாருக்கு விருப்பமில்லை. ஆனாலும் பொருள் காணாமல் போனால் மூட்டையைப் பார்ப்பது வழக்கம். "ஆம்பளைங்க யாரும் தொடக் கூடாது. நீங்க பாருங்கம்மா" என்று என்னிடம் சொன்னார்.

எல்லாரும் நிற்க, நடு முற்றத்தில் உட்கார்ந்து அவள் மூட்டையை நான் அவிழ்த்தேன். என்ன தேடுகிறேனோ அதைத் தூக்கிப் போட்டதே நான். ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். இலையில் சுற்றிய களி உருண்டை. சீப்பு. ஒரு மாற்றுப் புடவை. அதை உதறிக் காட்டினேன். துணி முடிச்சில் சாமை அரிசி. முடிச்சை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டு அளைந்தேன்.

"அது உனக்கு எடுத்தாந்ததுக்கா" என்றாள் வெள்ளச்சி. "நல்லாப் பாரு. ஒதறிப் பாரு."

அவள் என் கையைப் பார்க்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவேட்டில் சார், "ஒரு பக்கம் சல்லடை நிலையில் தவறியது" என்று எழுதினார். திருடு என்று அவர் எழுதவில்லை, சொல்லவும் இல்லை. அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனாள். சாமை முடிச்சை எடுத்துக்கொள்ளவில்லை. நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சமைத்தோமா, வேறு யாருக்கும் கொடுத்தோமா, இது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரே ஒரு நிரந்தர வேலை வந்தது. காட்சிக்கூட உதவியாளர். சல்லடைக்காரர்களில் இருந்தோ கழுவுகிறவர்களில் இருந்தோ ஒருவர். வெள்ளச்சி இருந்திருந்தால் அவள் பெயரும் போயிருக்கும். சார் அவளை மெச்சிப் பேசுவார். கூர்மையான கண் என்பார். போனது என் பெயர் ஒன்றுதான். ஆர்டரைக் கையில் கொடுத்துவிட்டு சார் சொன்னார்: "உங்க கையில ஒரு பொருள் தொலஞ்சதா சரித்திரம் இல்லம்மா."

நான் கும்பிட்டேன். காலில் விழுந்தேன் என்றுகூடச் சொல்ல வேண்டும்.

காட்சிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த அறையில் அந்தக் குப்பிதான் நடுவில். சுழலும் பீடத்தில், விளக்கு போட்டு. ஐந்து பக்கம் கண்ணாடி, ஆறாவது பக்கத்தில் மெழுகு. காலையில் பூட்டைத் திறந்து முதலில் அந்தப் பெட்டியைத் துடைப்பேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து, "இந்தப் பக்கம் எங்க?" என்று கேட்பார்கள். "கெடைக்கலபா" என்பேன். இருபத்துமூன்று வருஷம் சொன்னேன். சில நாளில் யாரும் கேட்காதபோதுகூட நானே சொல்லியிருக்கிறேன். சபாபதி சார் ஓய்வு பெற்ற பிறகும் வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். மெழுகுப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அவரிடம் சொல்ல எனக்கு எத்தனையோ மத்தியானங்கள் கிடைத்தன.

மலரைப் பற்றிக் கேட்க வந்த அன்று கயல்விழி மேடம் ஒரு சின்ன டப்பாவையும் கொண்டுவந்தார். பழைய யார்டு இடத்தில் கட்டடம் வருவதால் மண்ணை மறுபடி சலித்தார்களாம். டப்பாவில் பஞ்சு மேல் மாதுளை இருந்தது. ஒரு ஓரம் உடைந்திருந்தது. மற்றபடி அப்படியே. பக்கவாட்டில் ஓர் இடத்தில் மட்டும் வானவில் தோல் இல்லை, விரல் அகலத்துக்கு.

"கழிவுக் குழியில இருந்துச்சும்மா, சோடா பாட்டிலோட. யாரோ தெரியாம போட்டிருக்காங்க. விடுங்க, கெடைச்சதே பெரிசு" என்றார்.

யாரோ. அந்தப் பொண்ணு நல்ல மனசோடு எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது. அதன் வழியாக நான் போயிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். ஆனால் அது அடுத்து, "பதிவேட்டுல வெள்ளச்சின்னு ஒருத்தங்க பேரு இருக்கு. அவங்க போட்டிருப்பாங்களோ?" என்று கேட்டது.

"இல்லம்மா. நான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லி முடிக்கக் காப்பி ஆறிவிட்டது. பழைய பதிவேட்டில் எழுதியதை அடிக்க முடியாதாம். பக்கத்தில் குறிப்பு எழுதலாமாம். என் வாக்குமூலம் என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். இந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழையை அவர் திருத்தலாம், விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பதிவேட்டில் எழுதினால் மலையில் யார் படிப்பார்கள்? மறுவாரம் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஜீப். வெள்ளச்சி வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. வாசலில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. சுத்தியலைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"இன்னாங்க ஆபீஸ் அம்மா. மலையேறி வந்துகீறீங்க. எதுனா காணமாப் போச்சா?"

உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியும் என்று எனக்கு அப்போதே புரிந்தது.

"வெள்ளச்சி, உன்னோட பேசணும். உள்ள போலாமா?"

"ஏன், என் மூட்டையை உள்ள வெச்சா அவுத்தே?"

நான் நின்றேன். அவள் புளியைத் தட்டினாள்.

அங்கேயே, மண்ணில் உட்கார்ந்து சொன்னேன். மாதுளை கிடைத்துவிட்டது, கழிவுக் குழியில் கிடைத்தது, போட்டது நான்தான், சாரிடம் வரவில்லை என்று சொன்னது பொய். சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

வெள்ளச்சி சுத்தியலைக் கீழே வைத்தாள். பிறகு, "எனக்கு அந்த வேலை போனது கூடப் பெருசு இல்ல" என்றாள். "கீழ்நாட்டுல மூட்டையை அவுத்துப் பாத்தாங்கன்னு நான் வர்றதுக்குள்ள சேதி வந்துடுச்சு. அன்னிக்கு ராத்திரி எங்க மாமியா பொட்டிக்குப் பூட்டு போட்டுச்சு. அதுவரிக்கும் அந்தப் பொட்டிக்குப் பூட்டே கெடையாது. இன்னிக்கும் சாவி அது இடுப்புலதான் கீது. அது சாப்புட்ற சோறு நான் ஆக்குறது. அத்தக் குளிக்க வெக்கிறது நான். குளிக்க வெக்கும்போதும் சாவியக் கழட்டாது."

"என்னை மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாயில்ல" என்றேன்.

"கேக்காத. எழுந்து வா."

வீட்டுக்குள் கூட்டிப்போகவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் பலாமரத்து அடியில் போனோம். சாக்கு மேல் ஒரு வயசான அம்மா வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் கறுப்புக் கயிற்றில் சாவி. புளி தட்டிய பெண்களும் எழுந்து வந்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்களும் வந்தார்கள்.

"எங்க மாமியாகிட்ட சொல்லு" என்றாள் வெள்ளச்சி.

சொன்னேன். அந்த அம்மா என் வாயையே பார்த்தாள்.

"காது கேக்காது அதுக்கு. சத்தமாச் சொல்லு."

நான் ஊரில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி வளர்ந்தவள் இல்லை. காட்சிக்கூடத்தில் பிள்ளைகளைக்கூட மெல்லத்தான் அதட்டுவேன். குனிந்து அவள் காதருகே, "உங்க மருமவ எடுக்கல! நான்தான் தூக்கிப் போட்டேன்! நான்தான் பொய் சொன்னேன்!" என்று கத்தினேன்.

"இன்னா?" என்றாள் கிழவி.

மறுபடி கத்தினேன். தொண்டை கீறியது. பலாமரத்தில் இருந்த காக்கை பறந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. வெள்ளச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தரம் கத்தியபோது கிழவி தலையை ஆட்டினாள். சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு கண்ணை இடுக்கி என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ யாரு? பேரு இன்னா?" என்று கேட்டாள்.

சொன்னேன். அதையும் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.